இரண்டு மருந்தைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுக்குக் கூப்பிட்டால்

அத்தான் அந்த மருந்து ஆய்வின் சம்மதப் படிவத்தை எக்ஸ்ரே உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பதினெட்டுப் பக்கம். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தவர், திருகோணமலையில் இறங்கியதும் சல்லியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே உவர்மலைக்கு என்னிடம் வந்துவிட்டார். வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும் என்பதால் மெதுவாகத்தான் பேசுவார். "நீ கணக்கு டீச்சர்தானே பிள்ளை. இதை வாசிச்சு, சேரலாமா வேண்டாமா எண்டு சொல்லு."

முப்பது வருடமாக இரவில் கடலுக்குப் போனவர். நித்திரை வராமல் இருக்க வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பார். அதே இடது கன்னத்துக்குள்தான் புண் வந்தது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டிலேயே முடிவு சொல்லிவிட்டது. அத்தானுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது, ஆறு கிழமை கதிர்வீச்சும் முடிந்தது. எட்டு மாதத்தில் கழுத்தில் திரும்பவும் கட்டி. இனி வெட்ட இயலாது என்றார் டொக்டர். மாத்திரை தரலாம். அல்லது, அதே மாத்திரையோடு இன்னொரு மருந்தையும் ஏற்றினால் கூடுதல் பலன் உண்டா என்று பார்க்கிற ஆய்வு ஒன்றில் சேரலாம். எந்த ஆய்வு, எந்த வைத்தியசாலை என்று இங்கே எழுதப்போவதில்லை.

அதன் பிறகு மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மூன்று குடும்பங்கள் இதே மாதிரிப் படிவத்தோடு என்னிடம் வந்திருக்கின்றன. நான் வைத்தியர் இல்லை, சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ சொல்லமாட்டேன். படிவத்தை எப்படி வாசிப்பது, சேர்ந்தால் வீட்டில் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லித் தருகிறேன்.

முதல் வேலை: கொப்பியில் நடுக்கோடு

ஒரு கொப்பியைத் திறந்து பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கீறுங்கள். இடது பக்கத்தில் வழமையான சிகிச்சை பெறுபவர்களுக்கு என்னென்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எழுதுங்கள். வலது பக்கத்தில் புதுச் சேர்க்கை பெறுபவர்களுக்கு உரியதை எழுதுங்கள். பிறகு இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருப்பதை எல்லாம் வெட்டிவிடுங்கள். மிஞ்சுவது எதுவோ அதைத்தான் அந்த ஆய்வு சோதிக்கிறது. "இரண்டு மருந்து சேர்த்துத் தரப்போகினமாம்" என்று கேட்டவுடனே சந்தோஷப்படுகிறோம். எதோடு ஒப்பிட்டு என்று கேட்பதில்லை. நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையில் செய்து முடித்த ஒரு ஆய்வை உதாரணமாக எடுப்போம். நம் ஊர் நோயாளிகளைப் போன்றவர்களை வைத்து நடந்தது என்பதால் இதைத்தான் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவேன். 151 பேர். இடது பக்கத்தில் மூன்று மாத்திரைகள்: கிழமைக்கு ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், தினமும் இருவேளை செலக்கொக்சிப், தினமும் ஏர்லோட்டினிப். வலது பக்கத்திலும் அதே மூன்று. கூடவே, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் நிவோலுமாப் என்ற மருந்து மூன்று கிழமைக்கு ஒருமுறை 20 மில்லிகிராம். பொதுவானதை வெட்டினால் மிஞ்சுவது நிவோலுமாப் ஒன்றுதான். இது சுத்தமான கணக்கு. வலது பக்கத்தவர்கள் நன்றாக இருந்தால் அதற்குக் காரணம் எது என்ற மயக்கம் இல்லை.

20 மில்லிகிராம் என்பதையும் கவனியுங்கள். இந்த மருந்தை வழமையாக இரண்டு கிழமைக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் ஏற்றுவார்கள். ஆறு கிழமையைக் கணக்கெடுத்தால் வழமைப்படி 720, இந்த ஆய்வில் 40. பதினெட்டில் ஒரு பங்கு. முழு அளவை வாங்க வசதியில்லாத நாடுகளுக்கு இது பெரிய விஷயம்.

சில படிவத்தில் இரண்டு பக்கத்துக்கும் இடையில் ஒன்றுக்கு மேற்பட்ட வித்தியாசம் இருக்கும். அது பிழை என்று சொல்லவரவில்லை. ஆனால் முடிவு வரும்போது எந்த மருந்து வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால்தான் சில ஆய்வில் மூன்று பக்கம் வைப்பார்கள். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, நிவோலுமாப் வகையைச் சேர்ந்த பெம்பிரோலிசுமாப் என்ற மருந்தின் ஆய்வில் 882 பேர் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள்: பெம்பிரோலிசுமாப் தனியாக, அதுவும் கீமோவும், பழைய செடக்சிமாப்பும் கீமோவும்.

வலது பக்கம் மட்டும் இருந்து இடது பக்கமே இல்லாத ஆய்வும் உண்டு. முதற்கட்ட ஆய்வுகள் பெரும்பாலும் அப்படித்தான். எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பதே அவற்றின் வேலை. அதில் சேர்பவர்களுக்கு நல்ல மரியாதை உரியது. ஆனால் தன் நோய் குறைவதற்காகத்தான் அந்த ஆய்வு நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒருவர் சேரக்கூடாது. இரண்டாம் கட்டத்தில் பலன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் வழமைச் சிகிச்சையை விட மேலா என்று நூற்றுக்கணக்கானவர்களில் ஒப்பிடுவார்கள். படிவத்தின் முதல் பக்கத்திலேயே கட்டம் எது என்று இருக்கும். இல்லாவிட்டால் கேளுங்கள்.

அத்தானுக்கு இந்த ஒப்பீட்டை விளக்கப் படகுதான் உதவியது. புது எஞ்சின் பூட்டிய படகின் பிடியைப் போன வருடத்துப் பிடியோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. வாடைக்காற்று எப்படி, நீரோட்டம் எப்படி, யாருக்குத் தெரியும்? இரண்டு படகையும் ஒரே நாளில் ஒரே கடலில் விட வேண்டும். "ஓட்டுறவன்?" என்று அவரே கேட்டார். ஆம், ஓட்டுபவனையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்குத்தான் குலுக்கல்.

சீட்டுக் குலுக்கல்

யார் இடது பக்கம், யார் வலது பக்கம் என்பதை டொக்டர் தீர்மானிப்பதில்லை, கணினி தீர்மானிக்கும். டொக்டர் தெரிவுசெய்தால் தெம்பாக இருப்பவர்களைத் தன்னையறியாமலே புது மருந்துக்கு அனுப்பிவிடலாம். பிறகு அவர்கள் கூடக்காலம் இருந்தது மருந்தாலா, தெம்பாலா என்று தெரியாமல் போகும். எங்கள் பக்கத்தில் மாதச் சீட்டுப் பிடிக்காத வீடு இல்லை, குலுக்கல் என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஆனால் சீட்டு விழாதவருக்கு அடுத்த மாதம் உண்டு, இதில் அடுத்த மாதக் குலுக்கல் இல்லை. கையெழுத்து வைப்பதற்கு முன் நோயாளியிடமே நேராகக் கேளுங்கள்: இடது பக்கம் விழுந்தால் மனம் ஆறுமா? ஆறாது என்றால் சேராமல் இருப்பதே நல்லது.

அத்தானுக்கு இடது பக்கம்தான் விழுந்தது. அன்று மாலை முழுக்கப் பேசவில்லை. மறுநாள், "அப்ப மற்றப் பக்கத்து ஆக்களுக்கு அளவுகோல் நான்தான்" என்றார். படிவத்தை அவருக்கு நான் மூன்று தடவை வாசித்துக் காட்டியது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எதை அளக்கிறார்கள்

"பலன்" என்ற சொல்லைப் படிவத்தில் எங்கு கண்டாலும் பென்சிலால் வட்டம் போடுங்கள். அது மூன்றில் ஒன்றைக் குறிக்கும்: கட்டி சுருங்குவது, கட்டி வளராமல் நிற்கும் காலம், ஆள் உயிரோடு இருக்கும் காலம். மூன்றும் ஒன்று என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

கட்டி சுருங்கியதா என்பதற்கு ஒரு விதி உண்டு. ஸ்கானில் தெரியும் கட்டிகளின் நீளத்தைக் கூட்டுவார்கள். முப்பது வீதமாவது குறைந்தால் "சுருங்கியது". ஆகக் குறைந்து நின்ற அளவிலிருந்து இருபது வீதமோ அதற்கு மேலோ கூடினால் "வளர்ந்தது". இரண்டுக்கும் நடுவில் நின்றால் "அப்படியே". 40 மில்லிமீற்றர் கட்டி 28 ஆனால் முதல் வகை. 33 ஆனால் கையால் தடவினாலே சிறிதானது தெரியும், ஆனாலும் கணக்கில் அது "அப்படியே"தான். அடுத்த ஸ்கானில் 33 என்று வந்து, "பலன் இல்லை" என்று யாராவது சொன்னால் கலங்கவேண்டாம்.

சுருங்குவதும் ஆயுள் கூடுவதும் வேறு வேறு. பெம்பிரோலிசுமாப்போடு லென்வாட்டினிப் என்ற மாத்திரையைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்குப் பெம்பிரோலிசுமாப்பும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும். சேர்த்துக் கொடுத்த குழுவில் நூற்றுக்கு 46 பேருக்குக் கட்டி சுருங்கியது, மற்றக் குழுவில் 25 பேருக்கு. இதோடு நிறுத்தினால் வெற்றி என்று எவரும் சொல்வார்கள். ஆனால் ஆயுள் கூடவில்லை. 2023இல் அந்த ஆய்வை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நல்ல மருந்தைச் சேர்த்தால் இரண்டு மடங்கு நல்லது என்ற எண்ணத்தை இந்த ஓர் ஆய்வே என்னிடமிருந்து எடுத்துவிட்டது. சேர்க்கை என்றால் பக்கவிளைவும் சேர்ந்து வரும் என்பதையும் மறக்கக்கூடாது.

இன்னொரு சொல் "இடைநிலை". மும்பை ஆய்வில் நிவோலுமாப் சேர்த்தவர்களின் ஆயுள் இடைநிலை 10.1 மாதம், சேர்க்காதவர்களுக்கு 6.7 மாதம். இதை நான் சத்தமாக வாசித்தபோது அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "அப்ப பத்து மாதம்தானா?" என்று கேட்டாள். இல்லை. எல்லோரையும் வாழ்ந்த காலப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் காலம் அது. பாதிப்பேர் அதற்கு முன்னரே போயிருப்பார்கள், பாதிப்பேர் அதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் ஆள் எந்த இடத்தில் நிற்பார் என்று அந்த எண் சொல்லாது. அதனால் ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் இருந்தார்கள் என்ற எண்ணையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதே ஆய்வில் அது 16.3 வீதத்திலிருந்து 43.4 வீதமாகக் கூடியது. நூறு பேரில் கூடுதலாக இருபத்தேழு பேர். இந்த நோயில் அது பெரிய எண். மிச்சம் ஐம்பத்தேழு பேர் அந்த வருடத்தைக் காணவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். வீட்டாருக்கு நான் இரண்டையும் சொல்லுவேன்.

தகுதியைக் கூட்டிச் சொல்லாதீர்கள்

நோயாளி நாளாந்தம் எவ்வளவு நடமாடுகிறார் என்பதற்கு 0 முதல் 4 வரை ஒரு எண் கொடுப்பார்கள். 0 என்றால் பழையபடி எல்லாம் செய்வார். 1 என்றால் பாரமான வேலை இயலாது, வீட்டு வேலை செய்வார். 2 என்றால் தன் தேவையைத் தானே பார்ப்பார், பகலில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுவார். 3 என்றால் பாதிக்கு மேல் படுக்கை. 4 என்றால் முழுக்கப் படுக்கை. பெரும்பாலான ஆய்வுகள் 0, 1 மட்டும்தான் எடுக்கும். சேர்க்கவேண்டும் என்ற ஆசையில், படுத்தே கிடக்கும் ஆளை "நல்லா நடக்கிறார் டொக்டர்" என்று சொன்ன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த எல்லை ஆளைத் தள்ளிவிடுவதற்கு இல்லை. தாங்காத உடம்பில் இரண்டு மருந்தை ஏற்றினால் மருந்தே கொண்டுபோய்விடும்.

சிறுநீரகம், ஈரல், இரத்த அணுக்களின் எண்ணிக்கை எல்லாம் பார்ப்பார்கள். முன்பு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியிருந்து, காது கேட்பதில் குறை வந்திருந்தாலும் சொல்லுங்கள். நாட்டுவைத்தியரின் கஷாயம், சூரணம், யாரோ அனுப்பிய மூலிகைப் பொடி, எல்லாவற்றையும் சொல்லுங்கள், கோபிப்பார்கள் என்று மறைக்காதீர்கள். ஈரல் பாதித்தால் அது எந்த மருந்தால் என்று தெரியாமல் ஆய்வும் கெடும், ஆளும் கெடுவார்.

பயொப்சி எடுத்த சதைத்துண்டு மெழுகுக் கட்டையாக ஆய்வுகூடத்தில் இருக்கும். பெம்பிரோலிசுமாப் போன்ற மருந்து யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கும் பிடிஎல்1 சோதனைக்கு அது வேண்டும். கட்டை எங்கே இருக்கிறது, இலக்கம் என்ன என்று முதலே கேட்டுக் குறித்து வையுங்கள். அத்தானின் கட்டையைத் தேடுவதிலேயே எங்களுக்கு ஒன்பது நாள் போனது.

கையெழுத்துக்கு முன்

தமிழில் படிவம் கேளுங்கள். இது சலுகை இல்லை, உரிமை. அத்தானுக்கு முதலில் நீட்டியது ஆங்கிலப் படிவம். வராந்தாவில் நின்றபடியே கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். "வீட்டில காட்டிப்போட்டு வாறன்" என்று அவர் சொன்னதால்தான் தமிழ்ப் படிவமும் நான்கு நாள் அவகாசமும் கிடைத்தன. எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகலாம், விலகினாலும் வழமைச் சிகிச்சை குறையாது என்ற வசனம் அதில் இருக்கவேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இலக்கம் இருக்கவேண்டும். இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வு இருக்கிறதா என்று இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். இந்த நாட்டில் மருந்து ஆய்வுகளுக்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும்.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இன்னும் சில கேள்விகள் உண்டு. ஸ்கானுக்கும் இரத்தச் சோதனைக்கும் யார் பணம் கட்டுவது? பயணச் செலவு தருவார்களா? இரத்தத்தை இங்கேயே எடுத்து முடிவை அனுப்பலாமா, ஒவ்வொரு முறையும் கொழும்புக்கே வரவேண்டுமா? எல்லாவற்றையும் விட முக்கியமானது: இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் அடித்தால் யாருக்குப் போன் எடுப்பது? ஆய்வின் பெயர், மருந்துகள், தொலைபேசி இலக்கம் எழுதிய அட்டை ஒன்று வாங்கி, நோயாளியின் பணப்பைக்குள் வையுங்கள். ஒரு பிரதியை இங்குள்ள வைத்தியசாலைக் கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள். அவசரத்துக்கு ஓடிப்போகும் இடம் கொழும்பு இல்லை, இங்கேதான்.

"பரவாயில்லை" என்ற சொல்

ஆய்வில் சேர்ந்தபின் வீட்டார் செய்யக்கூடிய பெரிய வேலை எழுதுவதுதான். எங்கள் ஆட்கள் டொக்டரைக் கண்டதும் "பரவாயில்லை டொக்டர்" என்பார்கள். மரியாதைக்காகச் சொல்வது. ஆனால் சேர்க்கை மருந்து தாங்கக்கூடியதா என்பதே ஆய்வின் பாதிக் கேள்வி. பரவாயில்லை என்றால் பக்கவிளைவு எழுதும் இடம் வெறுமையாகப் போய்விடும், அடுத்து வருபவருக்கு அதே அளவில் மருந்து ஏற்றுவார்கள்.

பக்கவிளைவுகளுக்கும் படி உண்டு. வயிற்றோட்டம் வழமையை விட நாளுக்கு நான்கு முதல் ஆறு தடவை கூடினால் இரண்டாம் படி, ஏழோ அதற்கு மேலோ என்றால் மூன்றாம் படி. மூன்றாம் படியில் மருந்தையே நிறுத்தவேண்டி வரலாம். "கொஞ்சம் வயித்தாலை போகுது" என்ற பேச்சில் இது தெரியாது. எண்தான் வேண்டும். அதிலும் நிவோலுமாப், பெம்பிரோலிசுமாப் போன்றவை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுபவை. வயிற்றோட்டம், இருமலும் மூச்சிரைப்பும், தோல் தடிப்பு, தைரொயிட் கோளாறு என்று பல மாதம் கழித்தும், மருந்தை நிறுத்திய பிறகும்கூட வரலாம். ஆகவே எழுதுவதை இடையில் விடக்கூடாது.

நாங்கள் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வைத்திருந்தோம். காலையில் நிறை, உடல்வெப்பம், நோவு பத்துக்கு எத்தனை. பிறகு எத்தனை தடவை வெளிக்குப் போனார், எத்தனை கோப்பை கஞ்சி இறங்கியது. வாய் எத்தனை விரல் திறக்கிறது என்பதை அவரே தன் விரலை வைத்துப் பார்த்துச் சொல்வார். நல்ல வாய் மூன்று விரல் திறக்கும். அவருடையது ஒன்று, சில நாளில் ஒன்றரை. ஒன்றரை என்று எழுதிய நாட்களில் அக்கா உளுத்தங்கஞ்சிக்குப் பதிலாக இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துக் கொடுப்பாள். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே போன் எடுக்க வேண்டும் என்று கொப்பியின் அட்டையிலேயே சிவப்புப் பேனையால் எழுதி வைத்தேன்.

உறையில் எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள்

இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது. அத்தானுக்கு மெத்தோட்ரெக்சேட் கிழமையில் ஒருநாள் மட்டும், 2.5 மில்லிகிராம் மாத்திரை பத்து ஒரேயடியாக. செலக்கொக்சிப் தினமும் காலையும் இரவும். ஒருமுறை மருந்து கொடுத்த இடத்தில் உறையை மாற்றி எழுதிவிட்டார்கள். மெத்தோட்ரெக்சேட்டின் மஞ்சள் மாத்திரை இருந்த உறையில் "தினமும் 2 வேளை" என்று இருந்தது. மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் குடித்தால் சில நாளிலேயே வாயெல்லாம் வெந்து, வெள்ளணுக்கள் விழுந்து, உயிரே போகலாம். உலகம் முழுக்க இந்தத் தவறு நடந்திருக்கிறது. கொப்பியின் நடுக்கோட்டுப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் அன்றிரவே கண்டுபிடித்தேன்.

மருந்து வந்ததும் நோயாளியிடம் கொடுக்காதீர்கள். முதலில் மேசையில் கொட்டிப் பெயரைப் பாருங்கள், படிவத்தோடு சரிபாருங்கள். கிழமைக்கு ஒருநாள் மருந்துக்கு ஒரு நாளைப் பெயர் சொல்லி நிர்ணயியுங்கள். எங்களுக்கு வெள்ளி. மற்ற நாட்களில் அந்த மாத்திரையை அக்கா சாமி அறையில் பூட்டி வைத்தாள். வேறு யாராவது காய்ச்சலுக்கோ சளிக்கோ மருந்து எழுதினால் மெத்தோட்ரெக்சேட் குடிப்பதை முதலில் சொல்லுங்கள். கோட்ரைமொக்சசோல் போன்ற நுண்ணுயிர் எதிரி மருந்துகள் அதோடு சேரக்கூடாது.

மாத்திரை முடிந்த அட்டைகளையும் எறியாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அவற்றைத் திருப்பிக் கேட்பார்கள், மிச்சத்தை எண்ணுவார்கள். குடிக்க மறந்த நாளை மறந்த நாள் என்றே எழுதுங்கள். குடிக்காத மாத்திரையைக் குடித்ததாகக் கணக்குக் காட்டினால் மருந்து வேலை செய்யவில்லை என்று மருந்தின் மேல் பழி விழும்.

அத்தான் பதினொரு மாதம் இருந்தார். எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு, சாமி அறையில் இருந்த பையை எடுத்துக்கொண்டு நான் இரவு ரயில் ஏறினேன். வெற்று அட்டைகள், மிஞ்சிய மாத்திரைகள், இரண்டு கொப்பி. கிளினிக்கில் ஆய்வுத் தாதி மேசையில் வெள்ளைத் தாள் விரித்து மாத்திரைகளைக் கொட்டி, சிறிய கரண்டியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினார். மஞ்சள் பத்து. கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். கடைசி வெள்ளிக்கிழமைக்கு நேரே அக்காவின் கையெழுத்தில் "விழுங்க ஏலாமல் போச்சு, குடுக்கேல்லை" என்று இருந்தது. கணக்குச் சரி என்று தலையசைத்துவிட்டு, கொப்பியை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.